கண்ணாடி அலமாரியும் சிவப்பு ரிப்பனும்

பெண்களின் துயர் துடைப்பதையே தம் வாழ்வின் இலட்சியமாகக் கொண்ட சோப்பு முதலாளி, எங்கள் மகளிர் மருத்துவமனைக்கு ஒரு கண்ணாடி அலமாரியும், அது நிறையக் கருத்தடை மாத்திரைகளும் நன்கொடையாக அளித்தார். அலமாரி வந்திறங்கிய அன்றே அதன் கதவுகளுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டும்படி கண்காணிப்பாளர் உத்தரவிட்டார். கட்டியவன் நான். அங்கே எழுத்தராக இருக்கிறேன்.

அதற்கு முன்பெல்லாம் நர்ஸ் ஒரு பழைய தகர டப்பாவிலிருந்து கேட்டவர்களுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பார். இப்போது டப்பாவைத் தலைமை அலுவலகத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். ஏற்கெனவே இங்கே மாத்திரை கிடைத்தது என்று தெரிந்தால் வள்ளலின் மனம் புண்படாதா?

மறுவாரம் தையல்காரி வந்தாள். மூன்று பிள்ளைக்காரி. போன பிரசவத்துக்குப் பிறகு எட்டு மாதம் மிஷினை மிதிக்க முடியாமல் இடுப்பு வலியோடு கிடந்தவள். மாதம் தவறாமல் டப்பா மாத்திரை வாங்கிப் போகிறவள்.

"சார், மாத்திரை தீர்ந்துபோச்சு. அதோ, கண்ணாடிக்குள்ள அடுக்கி வெச்சிருக்கீங்களே, அதுல ஒரு அட்டை குடுங்க."

"அது திறப்பு விழாவுக்கும்மா" என்றார் கண்காணிப்பாளர்.

"விழா எப்ப?"

"முதலாளி வெளிநாடு போயிருக்கார். இந்த மாத்திரை குடுத்ததுக்காக அங்க அவருக்கு விருது தர்றாங்க."

"இன்னும் குடுக்கவே இல்லையே சார்!"

"அவர் குடுத்துட்டாரும்மா. நீங்கதான் இன்னும் வாங்கல."

நர்ஸ் மெல்ல வாய் திறந்தார். "சார், அலமாரி பின்பலகையில நாலு ஆணிதான் இருக்கு. கழட்டி ஒண்ணு எடுத்துக் குடுத்துடலாமே."

"நல்லா இருக்கே! ஆயிரம் அட்டைன்னு பேச்சு எழுதியாச்சு. ஒண்ணு குறைஞ்சா முதலாளி மேடையில பொய் சொன்ன மாதிரி ஆயிடாதா?"

"அதுவரைக்கும் நான் என்ன சார் பண்றது?"

கண்காணிப்பாளர் கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். "வீட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

"நீங்களே ஒரு லெட்டர் எழுதி சீல் குத்திக் குடுங்க சார். நான் சொன்னா அவர் கேக்க மாட்டார்."

கடிதம் எழுத விதியில் இடமில்லை. ஆனாலும் அவளை வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அழைப்பிதழில் 'முதல் பயனாளி' என்று அவள் பெயரைச் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்து அனுப்பினோம்.

மாதாமாதம் வந்தாள். கண்ணாடி வழியே பார்த்துவிட்டுப் போனாள். முதலாளிக்கு ஒரு விருது முடிவதற்குள் இன்னொரு விருது வந்து சேர்ந்தது. விழா நடக்க ஏழு மாதம் ஆயிற்று.

விழா மேடைக்குத் தையல்காரி ஐந்து மாத வயிற்றோடு வந்தாள். கண்காணிப்பாளருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னம்மா இது! அழைப்பிதழ் அச்சாயிடுச்சே, இனி மாத்த முடியாதே!"

"எனக்கும்தான் சார், மாத்த முடியாம ஆயிடுச்சு."

பெரிய பூங்கொத்து ஒன்றை அவள் கையில் கொடுத்து, வயிற்றை மறைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் கண்காணிப்பாளர். போட்டோ பற்றிய கவலை அத்துடன் தீர்ந்தது.

முதலாளி தங்க முலாம் பூசிய கத்தரிக்கோலை எடுத்தார். அது பளபளத்ததே தவிர வெட்டவில்லை. இழுத்தார், அறுத்துப் பார்த்தார், வியர்த்தார். ரிப்பன் அசைந்து கொடுக்கவில்லை. தையல்காரி பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, பைக்குள்ளிருந்து தன் தொழில் கத்தரியை எடுத்து ஒரே வெட்டு வெட்டினாள்.

"ஏழு மாசமா இது என் பையிலதான் இருந்துச்சு" என்றாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவள் நிலை கண்டு உருகிய முதலாளி, அடுத்து நூறு தொட்டில்கள் வழங்குவதாக அங்கேயே அறிவித்தார். "விழா வெச்சுத்தான் குடுப்போம்" என்று கண்காணிப்பாளர் உறுதி கூறினார்.

தையல்காரி கத்தரியைத் துடைத்துப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். "வைங்க சார், எத்தனை ரிப்பன் வேணும்னாலும் கட்டுங்க. இந்தத் தடவை நான் யாரையும் கேக்க மாட்டேன்."

நிர்வாகம் உடனடியாக விழித்துக்கொண்டது. மறுநாள் காலையில் வாசலில் ஒரு பலகை தொங்கியது: 'மருத்துவமனைக்குள் கத்தரிக்கோல் கொண்டுவரக் கூடாது.' எழுத்து முத்து முத்தாக இருப்பதாக எல்லோரும் பாராட்டினார்கள்.

எழுதியவன் நான்தான்.