மேல் பங்களாவிலிருந்து இறங்கிய சிவப்புத் தண்ணீர்

இளஞ்சிவப்பு என்றால் எவ்வளவு சிவப்பு?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. கிணற்று நீரில் பெர்மாங்கனேட் உப்பை இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை கரைக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடத்தில் படித்தேன். பரீட்சையில் ஓர் எழுத்து விடாமல் எழுதி முழு மார்க்கும் வாங்கினேன். தாமரை மொட்டின் சிவப்பா, வெட்டிய பீட்ரூட்டின் சிவப்பா என்று டீச்சரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், குற்றாலத்து மலைச்சரிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வீட்டுக்காரர்கள் என் வாசலில் வந்து நின்றிருக்க மாட்டார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய கதை இது. என் மூத்தவள் செல்விக்கு அப்போது பத்து மாதம். நாங்கள் ஆலங்குளத்தில் இருந்தோம். என் வீட்டுக்காரர் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வெயில் காலம் முழுக்கக் குழந்தைக்கு வயிறு சரியில்லை. உடம்பெல்லாம் வேர்க்குரு. தூக்கினால் பஞ்சுபோல் கனமே இல்லாமல் இருந்தாள். (ஒரு நாளைக்கு எத்தனை முறை தூக்கிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.) டாக்டர் யோசிக்கவே இல்லை. "சாரல் முடியிற வரைக்கும் குத்தாலத்துல கொண்டு வச்சிருங்க. இந்தப் புழுக்கத்துல பிள்ளை தேறாது" என்று சொல்லிவிட்டார்.

சொல்வது சுலபம். சீசனில் குற்றாலத்தில் வீடு கிடைக்க வேண்டுமே! புளியறை மர வியாபாரி ஒருவர் மகனுக்கு என் வீட்டுக்காரர் கணக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அந்தப் பையன் அதிசயமாகப் பாஸ் பண்ணியிருந்தான். அந்தச் சந்தோஷத்தில் முதலாளி தன்னுடைய பங்களாச் சாவியைக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் கொடுத்தார்.

"வீடு சும்மாதான் கெடக்கு சார், இருந்துக்கிடுங்க. ஆனா கீழ் வீட்டுக்காரங்ககிட்ட இருந்து ஒரு புகார் வரக்கூடாது. அவங்கள்லாம் தலைமுறை தலைமுறையா அங்கன வாறவங்க. புகார் வந்துச்சுன்னா மறுநாளே சாவிய வாங்கிருவேன். கோவிச்சுக்கிடக்கூடாது."

அந்தச் சரிவைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். ஐந்து பங்களாக்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு வீட்டு முற்றம் அதற்குக் கீழ் வீட்டின் ஓட்டுக் கூரைக்குச் சமமாக இருக்கும். மேல் வீட்டில் நிற்பவருக்குக் கீழ் வீட்டில் என்ன கொதிக்கிறது என்று புகையிலேயே தெரியும். கீழ் வீட்டுக்காரருக்கு மேல் வீட்டில் யார் யாரைத் திட்டுகிறார்கள் என்று தெரியும். ஆகவே அங்கே யாருக்கும் ரகசியம் கிடையாது. ஒன்பது மாதம் சருகு மூடிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள், ஆனி பிறந்ததும் ஒவ்வொன்றாகத் திறக்கும். எல்லா வீட்டுச் சுவரிலும் பாசி. எல்லா வீட்டிலும் கதவு உப்பிப்போய், சாத்தினால் திறக்காது, திறந்தால் சாத்தாது.

மேலே நாங்கள். இரண்டாவது வீடு, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு ஜட்ஜ் ஐயாவுடையது. மூன்றாவது, தென்காசி ஜவுளி வியாபாரி ஒருவருடைய வீடு. அவர் மனைவி கதீஜா லாத்தாதான் வீட்டை ஆண்டுகொண்டிருந்தார். நான்காவது ஜமீன் வீடு. அங்கே ஒன்பது மணிக்கு முன்னால் யாரும் கண் விழிப்பதில்லை. கடைசி வீடு, செங்கோட்டை வக்கீல் ஒருவருடையது.

இந்த ஐந்தையும் இணைப்பது தண்ணீர். மேலே காட்டு ஓடையிலிருந்து ஒரு கல்வாய்க்கால் எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வரும். அங்கே ஒரு கல் தொட்டி. தொட்டி நிரம்பி வழிவது ஜட்ஜ் வீட்டுத் தொட்டிக்குப் போகும். அங்கே வழிவது லாத்தா வீட்டுக்கு. அப்படியே கடைசிவரை. வந்த அன்றே காவல்காரர் சுடலைமுத்து சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"யம்மா, காலையில எட்டு மணி வரைக்கும் குடிக்க மொண்டுக்கிடலாம். மத்தபடி தொட்டியில கைய வச்சிராதிய. கீழ நாலு வீடு இருக்கு. கடைசி வீட்டுக்குத்தான் எந்தச் சட்டமும் கெடையாது, அவங்களுக்குக் கீழ ஆள் இல்லைல்லா?"

நான் தலையாட்டினேன். சட்டம் என்றால் எனக்கு ரொம்ப மரியாதை.

முதல் வாரம் செல்வி நன்றாக இருந்தாள். இரண்டாவது சனிக்கிழமை மறுபடியும் வயிறு போயிற்று. தண்ணீரைக் காய்ச்சித்தான் கொடுக்கிறேன், சங்கைக் கொதிநீரில் போட்டு எடுக்கிறேன். பிறகு ஏன்? குளிப்பாட்டும்போது வாய்க்குள் போகிறதோ? அன்று மாலை தற்செயலாக மேலே பார்த்தேன். வாய்க்கால் ஓரத்தில் ஒரு மந்தி தன் குட்டியைத் தண்ணீரில் அமுக்கிக் கழுவிக்கொண்டிருந்தது. அதுவும் தாய்தான், அதற்கும் சுத்தம் வேண்டும், எல்லாம் சரி. ஆனால் அது கழுவிய தண்ணீர் நேரே என் தொட்டிக்கு அல்லவா வருகிறது!

ஆலங்குளத்தில் கம்பவுண்டர் கொடுத்த பெர்மாங்கனேட் பாட்டில் என்னிடம் இருந்தது. குடத்துக்கு ஒரு சிட்டிகை என்று சொல்லியிருந்தார். மறுநாள் விடிந்தும் விடியாமலும் பின்கட்டுக்குப் போனேன். (சட்டம் நினைவில் இருந்தது. கையை வைக்கத்தானே கூடாது என்றார்? நான் சுத்தம்தானே செய்யப் போகிறேன்? கீழே உள்ள குழந்தைகளுக்கும் நல்லதுதானே? இப்படி மூன்று கேள்வி கேட்டு மூன்றுக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன்.)

ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினேன். அழகாகச் சிவந்தது. கண் மூடித் திறப்பதற்குள் வெளுத்துவிட்டது. ஒருவேளை தண்ணீரில் அத்தனை அழுக்கோ? இன்னும் இரண்டு சிட்டிகை. சிவந்தது, வெளுத்தது. ஒரு கரண்டி. சிவந்தது, வெளுத்தது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை மருந்தையும் விழுங்குகிற தண்ணீரையா என் குழந்தைக்குக் கொடுத்தேன்? பாட்டிலைக் கவிழ்த்து, உள்ளே ஒட்டியிருந்ததையும் கையால் வழித்துப் போட்டு, முழங்கைவரை விட்டுக் கலக்கினேன். கடைசியில் தொட்டி ஒரு நிலைக்கு வந்தது. இளஞ்சிவப்பு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கத்திரிக்காய் நிறம் என்பதுதான் உண்மை.

பாடத்தில் தண்ணீர் நின்றது, இங்கே ஓடியது. இந்தச் சின்ன வித்தியாசம் முழு மார்க் வாங்கியவளுக்குத் தோன்றவில்லை. நான் போட்டதெல்லாம் போட்ட வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

ஏழரை மணிக்குக் கீழேயிருந்து முதல் சத்தம் வந்தது.

"ஏலே சுடல! தண்ணி செவப்பா வருதுலே! மேல காட்டுல புலி எதையோ அடிச்சுப் போட்டிருக்கு!"

சுடலைமுத்து அரிவாளைத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி மேலே ஓடினார். ஓடும்போதே, "யம்மா, ராத்திரி ஏதும் சத்தம் கேட்டியளா?" என்றார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஆமா, ஏதோ உறுமின மாதிரி இருந்துச்சு."

(படித்தவள். வாத்தியார் பெண்டாட்டி.)

சனிக்கிழமைதோறும் ஆலங்குளத்திலிருந்து வந்து போகும் என் வீட்டுக்காரர் பல்பொடியும் வாயுமாக வெளியே வந்தார். வாசல் படியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஈரத் துண்டுடன் ஒருவர் நின்றார். தலைமுடியும் மீசையும் நல்ல பழுப்பு நிறம். நடுத்தர வயது என்று மதிப்பிட்டேன்.

"யாரு வேணும் உங்களுக்கு?" என்றேன்.

"நான்தாம்மா" என்றது ஜட்ஜ் ஐயாவின் குரல்.

பஞ்சு மாதிரி நரைத்த தலை அவருடையது. அருவிக் கூட்டத்துக்குப் பயந்து, தன் வீட்டிலேயே ஒரு தனிக் கல் தொட்டிக்கு மூங்கில் குழாய் வைத்து, விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி ஒரு மணி நேரம் கிடப்பது அவர் வழக்கம். நடுநடுவே தலையை முழுக்கி எடுப்பாராம். அன்றும் முழுக்கி எடுத்திருக்கிறார்.

அவருக்குப் பின்னால் கதீஜா லாத்தா ஒரு தட்டுடன் வந்தார். தட்டில் இடியாப்பம். கேப்பை மாவில் பிழிந்ததுபோல் இருந்தது. "பச்சரிசி மாவுளா இது! வெள்ளை வெளேர்னு இருந்த மாவு" என்று அழாக்குறையாகச் சொன்னார். அவருக்கும் பின்னால் வக்கீல், மறுநாள் கோர்ட்டுக்கு என்று ஊறப்போட்ட வெள்ளை வேட்டியைக் கொடிபோல் பிடித்துக்கொண்டு நின்றார். அது வெள்ளை என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஜட்ஜ் ஐயா யாரையும் எதுவும் கேட்கவில்லை. "கோமதி, கையைக் காட்டும்மா" என்றார்.

கையில் குழந்தை. ஒளிக்க வழியில்லை. முழங்கைவரை பழுப்பு. (அந்த உப்பு தண்ணீரில்தான் சிவப்பு, ஒட்டிக் காய்ந்தால் பழுப்பு.) குழந்தையின் சட்டையிலும் என் ஐந்து விரல்.

"புலி உறுமினா கை இப்படி ஆகுமா?"

நான் பாடத்தை முதலிலிருந்து ஒப்பித்தேன். வேறென்ன சொல்ல? முழுக்கக் கேட்டார்.

"பாடத்துல கிணறுன்னு இருக்கா, வாய்க்கால்னு இருக்கா?"

"கிணறு."

"இது?"

நான் அழத் தொடங்கினேன். நான் அழவே குழந்தையும் அழுதது. எனக்கு ஒரே நினைப்புதான். புகார் போய்விட்டால் நாளைக்குச் சாவி போகும். செல்வி மறுபடி ஆலங்குளத்துப் புழுக்கத்தில் கிடப்பாள். அங்கே அவள் தேற மாட்டாள் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார்.

"ஐயா, விட்டிருங்க" என்றார் லாத்தா. "பச்சப்புள்ளக்காரி, பயந்து செஞ்சுட்டா." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏளா, தண்ணியப் பாத்துப் பயமா இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா? எம்புள்ளைய ஆறு பேரும் இதக் குடிச்சுத்தான் வளந்தாவ. ஒருத்தருக்கும் கொம்பு மொளைக்கல" என்றார்.

"முதலாளிக்கு எழுதத்தான் வேணும்" என்றார் ஜட்ஜ் ஐயா. "பேனா இருக்கா?"

என் வீட்டுக்காரர் உள்ளே ஓடி, பேனாவில் மை நிரப்பியே கொண்டுவந்து கொடுத்தார். "நான் நேத்து சாயந்தரம்தான் வந்தேன்" என்று சேர்த்தும் சொன்னார்.

ஜட்ஜ் ஐயா முதல் வரி எழுதும்போது அவர் மனைவி மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அவரை எல்லோரும் ஜட்ஜ் ஆச்சி என்போம். கணவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இதுக்கா இத்தனை கூப்பாடு? நல்லாத்தான இருக்கு. நம்ம கல்யாணத்தப்ப இருந்த மாதிரி இருக்கிய."

பேனா நின்றது. எங்கள் ஜன்னல் கண்ணாடியை ஜட்ஜ் ஐயா ஒரு தடவை பார்த்தார். மீசையை லேசாகத் தடவினார். பிறகு காகிதத்தை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"உனக்கு இந்தத் தண்ணி மேல நம்பிக்கை இல்ல. எங்களுக்கு இப்ப உம்மேல நம்பிக்கை இல்ல. சீசன் முடியிற வரைக்கும் தினமும் காலையில நீ இறங்கி வரணும். ஒவ்வொரு வீட்டுத் தொட்டியிலயும் ஒரு தம்ளர் மொண்டு எங்க கண்ணு முன்னால குடிக்கணும். நீ குடிச்ச பிறகுதான் நாங்க தொடுவோம். ஒரு நாள் வரலைன்னா இந்தக் காகிதம் தபாலுக்குப் போயிரும்."

மறுநாள் காலையில் குழந்தையை இடுக்கிக்கொண்டு இறங்கினேன். காய்ச்சாத தண்ணீர். மந்தி கழுவிய தண்ணீர். ஜட்ஜ் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். ஜட்ஜ் ஐயா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று முழுக்க என் வயிற்றில் கேட்ட ஒவ்வொரு சத்தத்தையும் எண்ணினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை.

அப்படித்தான் நான் அந்த வீடுகளின் உள்ளே போனேன். ஜட்ஜ் வீட்டுப் பின்கட்டில் பச்சை, மஞ்சள் கண்ணாடி ஜன்னல். காலை வெயிலில் ஆச்சியின் கோலமாவு டப்பாகூட மஞ்சளாக இருக்கும். லாத்தா வீட்டுச் சமையல்கட்டின் ஒரு சுவர், சுவரே அல்ல, மலைப்பாறை. அதில் ஆணியடிக்க முடியாமல் கரண்டியெல்லாம் பாறை இடுக்கில் செருகியிருப்பார்கள். ஜமீன் வீட்டில் பதினான்கு கதவு. திறப்பவை இரண்டு. எந்த இரண்டு என்று அவர்களுக்கே தினமும் சந்தேகம். என் காலடி கேட்டுத்தான் அங்கே விடியும் என்றார்கள். வக்கீல் வீட்டில் சட்டப் புத்தகங்களை ஈரத்துக்குப் பயந்து அடுப்புக்கு மேலே அடுக்கியிருந்தார்கள்.

நான் தண்ணீர் குடிக்கும்போது குழந்தை சும்மா இருப்பாளா? லாத்தா ஒரு வாய் இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் ஊட்டுவார். ஆச்சி சுடுசாதத்தை நெய்விட்டு மசித்து வைத்திருப்பார். நான் தடுப்பதற்குள் உள்ளே போய்விடும். ஆடி முடிவதற்குள் செல்விக்குக் கன்னம் வந்தது, இரண்டு பல் வந்தது. தண்ணீராலா, காற்றாலா, இடியாப்பத்தாலா, அல்லது நான் நாலு வீடு ஏறி இறங்குவதில் அவளைத் தூக்கி எடை பார்க்க மறந்ததாலா, எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காகிதம் தபாலுக்குப் போகவில்லை. ஆனால் கதை போய்விட்டது. இப்போது முதலாளியே தன் வீட்டைச் செவந்த தண்ணி பங்களா என்றுதான் அடையாளம் சொல்கிறார். சீசனுக்கு யார் மேல் வீட்டுக்கு வந்தாலும் முதல் நாள் கீழே இறங்கிக் குடித்துக் காட்ட வேண்டும் என்பது சரிவின் புதுச் சட்டம். எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு நான் தண்ணீர் கொடுத்தால் என் வீட்டுக்காரர், "இருங்க, அவ மொதல்ல குடிச்சுக் காட்டட்டும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுப்பேன்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. செல்வி அதை விளையாட்டு என்று நினைக்கவில்லை, ஒழுங்கு என்று நினைத்துவிட்டாள். பிறர் குடித்துக் காட்டாத தண்ணீரை அவள் தொடுவதில்லை. இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தோம். முதல் நாளே பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்த டீச்சரிடம், "நீங்க மொதல்ல குடிங்க டீச்சர்" என்றிருக்கிறாள். டீச்சரும் பாவம், புதுப்பிள்ளை அழக்கூடாதே என்று குடித்துக் காட்டியிருக்கிறார்.

வாசகிகளே, இதை எப்படி நிறுத்துவது? அதட்டினால் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். விளக்கிச் சொல்லலாம் என்றால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். கொஞ்சம் சீக்கிரம் எழுதினால் நல்லது. இவளைப் பார்த்து வகுப்பில் மற்றப் பிள்ளைகளும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டார்களாம். மொத்தம் முப்பத்திரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு டீச்சர்.