ஈரப்பலாவுக்கு இடுப்பளவு எடுத்தவர்

மட்டக்களப்போடு றெயில் பாதை முடிந்துவிடுகிறது என்று நினைப்பவர்கள் எங்கள் றெயில் காக்காவின் வீட்டுக்குப் போனதில்லை. ஊருக்கெல்லாம் அண்ணன், அதனால் காக்கா. எந்த அரசாங்கமும் செய்யாததை அவர் செய்தார். பாதையைக் காத்தான்குடி வரை நீட்டினார், தன் வீட்டு ஹோலில், இரண்டு கட்டில் பலகைகளின் மேல்.

தொழில் தையல். கட்டாரிலிருந்து மருமகன் அனுப்பிய விளையாட்டு றெயிலும் தண்டவாளமும் தவிர மற்றதெல்லாம் குப்பையில் பொறுக்கியது. காய்ந்த மருதோன்றிக் கிளை மரமானது. சட்டி தேய்க்கும் பச்சை ஸ்பொஞ்சை அரைத்து ஒட்டினால் இலை. தேயிலைச் சக்கை வயல் மண். ஜன்னல் கண்ணாடிக்கு அடியில் நீலச் சட்டைத்துணி விரித்தால் வாவி. ஸ்பொஞ்சை அரைத்தது மனைவியின் கிரைண்டரில். பக்கத்துத் துணிக்கடையில் வேலை பார்த்த எனக்கு அன்று பகல் சாப்பாடு அங்கேதான். தட்டில் பச்சையாக இருந்ததை வல்லாரைச் சம்பல் என்று நினைத்து இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

வினை அளவு நாடாவால் வந்தது. மரங்கள் சரியான கணக்கில் அமைய வேண்டுமென்று தெரு மரங்களுக்கெல்லாம் இடுப்பளவும் கை நீளமும் எடுத்துக் கொப்பியில் குறித்தார். எதற்கென்று கேட்டவர்களிடம் றெயில் பாதைக்கு என்று உண்மையைச் சொன்னார். றெயில் வருகிறது, மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாள் காலை, பின் தெருப் பாத்தும்மா காணி உறுதிப் பத்திரத்தோடு வந்து நின்றார். தனியாக வாழ்பவர். வளவில், வாசலோரம், அவருடைய வாப்பா நட்ட ஈரப்பலா மரம் ஒன்று நிற்கிறது; அதற்கும் காக்கா இடுப்பளவு எடுத்திருந்தார். அதை வெட்டிவிடுவார்களா என்று கேட்டார். காக்கா சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப்போய்ப் பலகையைக் காட்டினார்.

பாத்தும்மா சிரிக்கவில்லை. குனிந்து, நெருப்புப் பெட்டியால் செய்த தன் வீட்டைக் கண்டுபிடித்தார். அதன் வாசலில் தண்டவாளம் ஓடியது.

“எங்கட மரம் எங்க காக்கா?”

“பாதை நேரா போகணுமே புள்ள. அதால வெக்கல்ல.”

“அப்ப வெட்டித்தான் போட்டீங்க.”

உறுதியை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

பெருநாள் தையல் குவிந்து கிடந்த நேரம். காக்கா கடை திறக்கவில்லை. தண்டவாளத்தைக் கழற்றி, கையிலிருந்த வளைவுத் துண்டுகளையெல்லாம் அந்த இடத்திலேயே மாட்டினார். இருந்ததில் பெரிய மருதோன்றிக் கிளையை வாசலில் நட்டுப் பாத்தும்மாவை அழைத்துவந்தார். ஈரப்பலா இலை இத்தனை சின்னதா என்று அவர் கேட்க, காக்கா பச்சைச் சாட்டின் துணியில் இலை வெட்டி ஒட்டினார். அப்போதுதான் அந்த மனுசி முகத்தில் சிரிப்பு வந்தது.

ஆனால் றெயிலுக்கு அந்த வளைவு பிடிக்கவில்லை. வரும்போதெல்லாம் அங்கே குடைசாய்ந்தது. பழையபடி நேராக்கிவிடலாமே என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

“மரம் நிக்கிதே தம்பி,” என்றார், நான் கண் தெரியாதவன் போல.

இப்போதும் காத்தான்குடிக்குப் போனால் அந்தப் பலகையருகே உட்கார்ந்துவிடுவேன். றெயில் வளைவுக்கு வரும்போது விழாமல் யாராவது ஒரு விரல் கொடுக்க வேண்டும். எத்தனை பேர் இருந்தாலும் காக்கா அந்த வேலையை எனக்குத்தான் தருகிறார். எனக்கு அதில் சொல்ல முடியாத சந்தோஷம்.