தாளாளர் சட்டையில் ஒரு செய்முறை விளக்கம்

கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பரீட்சை முடிந்த மறுநாளே படித்ததெல்லாம் மறந்துவிடும். ஆனால் அடுத்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்கிற தைரியம் மட்டும் ஆயுசுக்கும் போகாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பட்டாபிராமில், எனக்கு அந்த வியாதி நன்றாக முற்றியிருந்தது.

பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். (உட்கார்ந்திருந்தேன் என்பது மரியாதைக்காக. பெரும்பாலும் படுத்திருந்தேன்.) எங்கள் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் ஜூன் மாதம் ஒரு சயின்ஸ் டீச்சர் வேலை காலியாகிறது என்று காதில் விழுந்தது. என் காதில் விழுந்தால் பரவாயில்லை, நைனாவின் காதில் விழுந்துவிட்டது. ஆவடி ஃபேக்டரியில் லேத் ஓட்டுபவர் அவர். சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் ஷிஃப்டில் இருந்த அத்தனை பேருக்கும், வரும் வழியில் ரயில் பெட்டியில் இருந்தவர்களுக்கும், தன் மகள் டீச்சர் ஆகிவிட்டாள் என்று அறிவித்து, சிலருக்கு டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டார்.

"இன்னும் அப்ளிகேஷனே போடல நைனா."

"போட்டா குடுக்காமலா பூடுவான்? நீ சும்மா கெட எஸ்தரு."

ஆக, வேலை கிடைக்காவிட்டால் நான் வீட்டில் இருப்பேன், அவ்வளவுதான். நைனா ஒவ்வொரு நாளும் அதே ரயிலில் அதே ஆட்களோடு போக வேண்டும்.

அந்த மே மாதம் வழி தானாகத் திறந்தது. கோடை விடுமுறையில் கோயிலில் பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளி நடத்துவார்கள். பாட்டு, கதை, மனப்பாட வசனம், கடைசியில் ஆரஞ்சு மிட்டாய். அந்த வருஷம் அடுத்த தெரு சபைக்காரர்கள் பேசும் பொம்மை ஒன்றை இறக்கிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மிட்டாயைக்கூட மதிக்காமல் அங்கே ஓடத் தொடங்கின. போதகர் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"எஸ்தர், நீ கெமிஸ்ட்ரிதானே? ஏதாவது சயின்ஸ் செஞ்சு காட்டும்மா. பொம்மையைவிட பெரிசா இருக்கணும். நிறைவு நாளுக்குப் பள்ளிக்கூடத் தாளாளரைக் கூப்பிட்டிருக்கேன். அவர் கண்ணுல நீ பட்டுட்டா போதும்."

(அவர் கண்ணில் நான் பட்டதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

சமையலறையில் இருந்ததையெல்லாம் வாரிக்கொண்டு போனேன். முதல் சோதனை மஞ்சள்தூள். மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத் தாளில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரால் அதன்மேல் எழுதினால் எழுத்து ரத்தச் சிவப்பில் வரும். எலுமிச்சைச் சாறு தடவினால் மறுபடி மஞ்சளாகிவிடும். இரண்டாவது பலூன். பாட்டிலில் எலுமிச்சைச் சாறு, பலூனுக்குள் ஆப்ப சோடா. பலூனைப் பாட்டில் வாயில் மாட்டி நிமிர்த்தினால் சோடா உள்ளே கொட்டி நுரைக்கும், பலூன் தானாக உப்பும்.

முதல் நாள் பிள்ளைகள் ஆசையாகக் கேள்வி கேட்டன. "அக்கா, ஏங்க்கா செவக்குது? எங்க ஊட்ல பாத்திரம் தேய்க்கிற சோப்புக்கும் செவக்குமா?" நல்ல கேள்விகள். எனக்குத்தான் பதில் தெரியவில்லை. தெரியாத வாத்தியார்கள் காலங்காலமாகச் செய்வதை நானும் செய்தேன். மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டேன். நான் "மஞ்சள் மேல சோப்பு பட்டா?" என்பேன். மொத்தக் கூட்டமும் "செவப்பூ" என்று இழுக்கும். "எலுமிச்சம்பழம்?" "மஞ்சோ." வார முடிவில், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்குப் பிள்ளைகள் தயாராகிவிட்டன.

நிறைவு நாளன்று தாளாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, இரண்டிலும் கஞ்சி போட்டு மடிப்புக் கலையாமல். உட்கார்ந்தபோது மொடமொடவென்று சத்தம் கேட்டது. மஞ்சள் சோதனை அமோகமாக நடந்தது. பிள்ளைகள் முழங்கின. தாளாளர் தலையாட்டினார். என் மனசுக்குள் அட்டெண்டன்ஸ் எடுக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

அடுத்தது பலூன். இங்கேதான் புத்தி போயிற்று. மேடைக்குக் கலர் வேண்டும் என்று சாற்றில் தாராளமாக மஞ்சள்தூளைக் கரைத்திருந்தேன். பெரிய மனிதர் வருகிறார் என்று ஆப்ப சோடாவையும் பொட்டலத்தோடு கவிழ்த்திருந்தேன். போதாததற்கு, நம் ஊரில் குத்துவிளக்கானாலும் தண்ணீர்ப் பந்தலானாலும் சிறப்பு விருந்தினர் கைபட்டால்தானே சிறப்பு? விஞ்ஞானம் மட்டும் விதிவிலக்கா?

"ஐயா, உங்க கையாலேயே தொடங்கி வையுங்க" என்று பாட்டிலை அவரிடம் கொடுத்தேன்.

அவர் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, போட்டோகிராபரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பலூனை நிமிர்த்தினார். பலூன் உப்பியது. கைதட்டினார்கள். இன்னும் உப்பியது. கைதட்டல் நின்றது. அப்புறம் பலூன் கழன்று கூரைப் பக்கம் போய்விட, பாட்டிலில் இருந்த மஞ்சள் நுரை அவ்வளவும் தாளாளரின் சட்டையில் இறங்கியது.

எனக்கு நைனாவின் ரயில் பெட்டிதான் கண்முன் வந்தது. ஏதாவது செய்தாக வேண்டும். மேசைமேல் துணி துவைக்கிற சோப்புக் கட்டி இருந்தது. சற்று முன் எதற்காக அதைப் பயன்படுத்தினோம் என்பது என் மூளையிலிருந்து சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. கைக்குட்டையை நனைத்துச் சோப்பில் அழுத்தித் தேய்த்து, தாளாளரின் நெஞ்சில் பரபரவென்று துடைத்தேன்.

"செவப்பூ" என்றன பிள்ளைகள்.

பழக்கதோஷம். குற்றம் சொல்ல முடியாது. வெள்ளைச் சட்டையில் ரத்தச் சிவப்பு பரவியது. போதுமான அளவு சோப்பு போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் வேகமாகத் தேய்த்தேன். (கெமிஸ்ட்ரியில் நான் முதல் வகுப்பு.) பின்வரிசையில் ஒரு அம்மாள், "அய்யய்யோ, ஐயாவுக்கு நெஞ்சுல இன்னா ஆச்சு?" என்று எழுந்து நின்றுவிட்டார்.

அப்போதுதான் உறைத்தது. உடனே எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர்மேல் பிழிந்தேன்.

"மஞ்சோ" என்றன பிள்ளைகள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சாறு தெறித்துத் தாளாளரின் இரண்டு கண்ணிலும் பட்டுவிட்டது. அவர் கண்களை இறுக மூடி, தலை குனிந்து, உதட்டுக்குள் ஏதோ முனகினார். தூரத்தில் இருந்து பார்த்த போதகர் ஐயா, தாளாளர் நிறைவு ஜெபத்துக்குத் தயாராகிவிட்டார் என்று நினைத்து, "எல்லோரும் ஜெபிப்போம்" என்று தொடங்கிவிட்டார். மண்டபமே கண்ணை மூடியது. எங்கள் போதகர் ஐயா சுருக்கமாக ஜெபிக்கிற ஆள் கிடையாது. சபையில் உள்ள நோயாளிகள், பரீட்சை எழுதியவர்கள், மழை, ஆட்சியாளர்கள் என்று எல்லோரையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஜெப நேரத்தில் தண்ணீர் கேட்பது முறையில்லை என்று தாளாளர் அந்த எரிச்சலை முழுவதும் நின்றபடியே தாங்கினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தவர்கள் அதைப் பார்த்து மிகவும் உருகிப்போனார்கள்.

போகும்போது என்னிடம் ஒன்றுதான் சொன்னார். "பிள்ளைகள் நல்லா படிச்சிருக்காங்க."

பிள்ளைகள் என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார்.

வேலை கிடைக்கவில்லை. அந்த ஜூன் மாதம் நைனா ரயிலில் எப்படிப் போவாரோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. ஆனால் அவர் ஜம்மென்று போனார். போய்க் கதை சொன்னார். "இன்னா பண்றது மச்சான், வேலை கையில வந்துட்ச்சு. பாழாப்போன சட்டை நடுவுல பூந்து கெடுத்துட்ச்சு." பெட்டியே வயிறு வலிக்கச் சிரித்ததாம். அப்புறம் அவரே டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அதன் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கும் எங்கள் வீட்டில் இந்தக் கதை உண்டு. வருஷத்துக்கு வருஷம் சட்டையின் விலை ஏறுகிறது. முதலில் காட்டன், அப்புறம் பட்டு, இப்போது சிங்கப்பூரிலிருந்து வந்தது. நான் ஆகியிருக்க வேண்டிய பதவியும் கூடவே ஏறுகிறது. போன வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் வந்துவிட்டேன்.

யாருக்கும் நான் சொல்லாதது ஒன்று உண்டு. அந்த வேலை தாளாளரின் அக்கா மகளுக்கு ஏப்ரல் மாதமே முடிவாகியிருந்தது. எனக்கே அது பிறகுதான் தெரியவந்தது. போதகர் ஐயாவுக்கும் தெரியாது. நான் பலூனைத் தங்கத்தில் செய்து பறக்கவிட்டிருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது. ஆள் பலம் இல்லாததால் மகளுக்கு வேலை போயிற்று என்பதை நைனாவால் எந்த ரயிலிலும் சொல்ல முடியாது. சட்டையால் போயிற்று என்றால் தலை நிமிர்ந்து சொல்லலாம், நடுவில் சிரிக்கவும் செய்யலாம்.

போன கிறிஸ்துமஸுக்கு என் தம்பி மகன் கேட்டான். "அத்தே, தாத்தா சொல்றது நெஜமா? அந்தச் சட்டை மட்டும் இல்லாங்காட்டி நீ ஹெட்மிஸ்ட்ரஸா?"

எதிரே நைனா இலையில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னே?" என்றேன்.