நூறு சதவீதக் குடங்கள்

மக்களாட்சியின் மாண்பு எங்கள் பொட்டல்வலசையில் கொஞ்சம் சறுக்கிவிட்டது. போன தேர்தலில் ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் ஓட்டுப் போடவில்லை. காரணத்தைக் கண்டறியும் பொருட்டு, இந்தத் தேர்தலுக்கு முன்னால் விழிப்புணர்வு அலுவலர் குருநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"ஏம்மா ஓட்டுப் போடல?" என்று குடத்தோடு எதிரே வந்த பூமயிலைக் கேட்டார்.

"அன்னைக்குன்னு பாத்துக் குழாயில தண்ணி வந்துருச்சு சார். வாரத்துல ஒருநாதான் வரும். விட்டா மாரியூர் வரைக்கும் வண்டியில குடத்த அடுக்கித் தள்ளணும். போட்டது போட்டபடி எங்கிட்டுப் போறது?"

குருநாதன் ஆழ்ந்து யோசித்தார். 'விழிப்புணர்வு போதவில்லை' என்று முடிவு செய்தார்.

அடுத்த வாரமே விழிப்புணர்வு வந்து சேர்ந்தது. செல்ஃபி எடுக்க ஒரு தட்டி, படம் பிடிக்க ஒரு ட்ரோன். பெண்கள் அனைவரும் குடத்தோடு கண்மாய்க்குள் '100' என்ற வடிவில் நிற்க வேண்டும் என்று உத்தரவு. கண்மாய் காய்ந்து கிடந்ததால் இடத்துக்குப் பஞ்சமில்லை. பூமயிலுக்குக் கடைசிச் சுழியில் இடம் கிடைத்தது.

ட்ரோன் மேலே ஏறவும், குழாயடியிலிருந்து சத்தம் வந்தது.

"ஏத்தா, தண்ணி வந்துருச்சு!"

கடைசிச் சுழி குடத்தோடு ஓடியது. அடுத்த சுழியும் பின்னாலேயே ஓடியது.

"நில்லுங்கம்மா! நூறு ஒண்ணாயிருச்சு!" என்று குருநாதன் அலறினார்.

அன்றைக்குத்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. 'வாக்காளர்தம் கவனத்தைச் சிதறடிக்கும் குடிநீரை, வாக்குப்பதிவு நிறைவுறும்வரை நிறுத்திவைக்கலாம்' என்று மேலிடத்துக்கு யோசனை சொன்னார். மேலிடம் மெச்சியது. குழாய் வால்வுக்குப் பூட்டு விழுந்தது.

"எப்ப சார் தொறப்பீங்க?" என்றாள் பூமயில்.

"நூறு சதவீதம் வரட்டும்மா."

பிறகென்ன, திருப்பூரில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கெல்லாம் போன் பறந்தது. "எவன் வந்தா நமக்கென்ன?" என்று படுத்துக் கிடந்த உக்கிரபாண்டியை, அவர் பெண்டாட்டி ராமலெட்சுமி உலுக்கி எழுப்பினாள். "போட்டுட்டு வந்து பேசும். ஒல வைக்கத் தண்ணியில்ல இங்க." வெறுங்குடத்தோடு வரிசையில் நின்று ஊரே ஓட்டுப் போட்டது. நூறுக்கு நூறு!

குருநாதனுக்குக் கேடயம் கொடுத்தார்கள். அதைக் காட்ட ஊருக்கு வந்தவரின் விரலைப் பூமயில் உற்றுப் பார்த்தாள்.

"சாருக்கு மையைக் காணோமே?"

"எனக்கு அன்னைக்கு வேலை இருந்துச்சும்மா."

"போன தடவ எங்களுக்கும் அதான் சார்."

குருநாதன் ஜீப்பில் ஏறிக்கொண்டார். வால்வைத் திறந்துவிட்டுத்தான் போனார், பாவம். குழாயில் காற்றுதான் வந்தது.

ஜெயித்தவர், வீட்டுக்கு வீடு தண்ணீர் என்று போன தடவையும் சொல்லி ஜெயித்தவர்தான். 'அந்தாளுக்கு எவ போட்டா?' என்று குழாயடியில் தினமும் சண்டை. நூறு சதவீதம் பேரும் 'நான் போடல' என்கிறோம்.