என் வேங்கை மரத்தை உன் அக்கா ஏலம் விட்டது பற்றி

வைத்திக்குப்பம்,
புதுச்சேரி.
புதன்கிழமை மாலை.

அன்புள்ள மச்சான் கமலக்கண்ணனுக்கு, உன் அக்கா புருஷன் கோவிந்தசாமி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், என் வலது முட்டி மட்டும் நலமில்லை. சேதராப்பட்டில் நீயும் ஜெயசித்ராவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், கம்பெனியில் உனக்கு இந்த வாரமாவது பகல் ஷிப்ட் போட்டிருப்பார்கள் என்றும் நம்புகிறேன். உன் அக்கா எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்க வேண்டியதில்லை. அவள் மேல் கொடுக்கும் புகார்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாமே என்பாய். வீட்டுக்குள் பேசினால் அவள் காதில் விழும், கடலோரம் போய்ப் பேசினால் குப்பத்துக்கே விழும். அதுவும் போக, மீனவர் சங்கத்தில் பதினோரு வருஷம் செயலாளராக இருந்து மனு எழுதியவன் நான். எனக்கு வாயைவிடத் தாளில்தான் நியாயம் சரியாக வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். புது வீட்டுக்கு நிலை வைக்க வருகிற வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் நாள் குறித்திருப்பதும், மச்சான் என்கிற முறையில் நீ வந்து நிலையைப் பிடிக்க வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும். அந்த நிலையை நானே என் கையால் செய்வேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பதும் தெரியும். முட்டி போய் நாலு வருஷமாகிறது, நான் கடலுக்குப் போவதில்லை. வீட்டில் உலை கொதிப்பது உன் அக்கா கரையில் மீன் ஏலம் விட்டு வருகிற வருமானத்தில். கடைக்கால் அவள் காசு, செங்கல் அவள் காசு, மேலே போடுகிற தளமும் அவள் காசு. வாசப்படியாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இதில் தப்பு இருந்தால் நீயே சொல்.

பழைய துறைமுகப் பக்கம் பந்தல் போட்டு மூன்று நாள் மரவேலைக் கண்காட்சி, மரமும் கருவியும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்றார்கள். முதல் நாளே போய்விடலாம் என்று இன்று காலையில் கிளம்பினேன். தனியாகத்தான் கிளம்பினேன். ஆனால் தடைக்காலம் ஆரம்பித்து நாற்பது நாள் ஆகிறதா, பெரிய படகெல்லாம் கரையேறிக் கிடக்கிறதா, ஏலம் இல்லாமல் உன் அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நானும் வர்றேன் என்று புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தலையை ஆட்டினாள். ஆட்டியதை நம்பியது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பும் என்னுடையதுதான், மறைக்கவில்லை. வாசலிலேயே ஒரு கருவிக் கடை. ஜப்பான் ரம்பம் என்று மெல்லிசாக ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பையன் கட்டையை வெண்ணெய் மாதிரி அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தான். எத்தனை வள்ளத்துக்குப் பலகை மாற்றியவன் நான், கொடு தம்பி என்று வாங்கி, உன் அக்கா பார்க்கிறாளே என்கிற தெம்பில் ஒரே தள்ளாகத் தள்ளினேன். அந்த ரம்பத்தை இழுக்கத்தான் வேண்டுமாம், தள்ளவே கூடாதாம். இதை நான் தள்ளிய பிறகுதான் அந்தப் பையன் சொல்கிறான். தகடு நடுவில் மடங்கிப் போய்விட்டது, வாங்கித்தான் ஆகணும் என்று கடைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். வாங்கினேன். உன் அக்கா வாயே திறக்கவில்லை. சிரிப்பதற்கு வாய் திறக்க வேண்டியதில்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அங்கிருந்து மரக்கடை. கடைக்காரர் வெற்றிவேல் நல்ல மனுஷன். தேக்கு, வேங்கை, கோங்கு என்று அடுக்கி வைத்திருந்தார், ஒவ்வொன்றிலும் விலைச் சீட்டு. நான் ஒவ்வொரு மரமாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறேன், பின்னாலேயே உன் அக்கா ஒவ்வொன்றையும் கட்டை விரலால் அழுத்தி, மூக்கிடம் கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். நான் எடுத்த தேக்கைக் காட்டி, இது பழைய சரக்கு, மேலே பூசி வச்சிருக்காங்க என்று என் காதில் சொன்னாள். மரத்துக்கும் மத்தி மீனுக்கும் வித்தியாசம் தெரியாதா என்று அதட்டினேன். வெற்றிவேல் முகம் வெளுத்துப்போய், அதை விடுங்க, உங்களுக்கு நான் வேற எடுத்துத் தர்றேன் என்றார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

கடைசியில் ஆண்டவன் கண் திறந்தான். இரண்டு வேங்கைக் கால், மேலுக்கும் கீழுக்கும் இரண்டு துண்டு. வெடிப்பு இல்லை, முடிச்சு இல்லை, தடவினால் கை எடுக்க மனசு வராது. ஓரமாக ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு, நம்ம குப்பத்துக் கொளஞ்சியின் மினி டெம்போவைக் கூட்டிவரக் கிளம்பினேன். போகும்போது உன் அக்காவிடம், நான் வர்ற வரைக்கும் இந்த மரத்த விட்டு நகராதே என்று சொன்னேன். நகரவில்லை, அதில் குறை சொல்ல முடியாது.

கொளஞ்சி டீ குடித்து, டீசல் போட்டு, மார்க்கெட் நெரிசலில் மாட்டி, நாங்கள் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. பந்தலுக்கு வெளியே வரும்போதே உள்ளேயிருந்து உன் அக்கா குரல் கேட்டது. அந்தக் குரலை முப்பது வருஷமாகக் கேட்கிறேன் மச்சான், எனக்குத் தெரியாதா. உள்ளே நூறு பேர் கூட்டம். பலகை அடுக்கின் மேல் ஏறி நிற்கிறாள் உன் அக்கா, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. பிறகு விசாரித்ததில் தெரிந்தது, நான் போன கொஞ்ச நேரத்தில் ஒரே பலகையை ஒரு ஆரோவில் வெள்ளைக்காரரும் ஒரு வில்லியனூர் ஆசாரியும் ஒரே நேரத்தில் விலை கேட்டிருக்கிறார்கள். ஒரு சரக்கு, இரண்டு ஆள். அவளுக்கு அது போதும். விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆரம்பித்துவிட்டாள். தேக்கெல்லாம் போய்விட்டது. மாதிரிக்கு நிறுத்தி வைத்திருந்த கதவு போய்விட்டது. வெற்றிவேல் உட்கார்ந்திருந்த ஸ்டூலும் போய்விட்டது, அவர் நின்றுகொண்டே காசு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றும் சீட்டு விலைக்கு மேலே.

நான் கூட்டத்தைப் பிளந்து முன்னால் போகிறேன், அவள் காலடியில் என் வேங்கை. ஒரு தரம் என்கிறாள். நிறுத்துடி என்று கையைத் தூக்கினேன். நம்ம கரையில் கையைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும், அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. "முன்னாடி நிக்கறவரு ஐநூறு ஏத்திட்டாரு" என்று கூவினாள் உன் அக்கா. வெள்ளைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதற்கு மேல் ஏற்றினார். ஐயோ அது என் மரம் என்று மறுபடியும் தூக்கினேன். இன்னொரு ஐநூறு. இப்படி என் சொந்த மரத்துக்கு நானே மூன்று தடவை விலையை ஏற்றிவிட்டேன் மச்சான், நாலாவது தடவை கொளஞ்சிதான் என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான். இறக்கியதும் மூணு தரம் சொல்லி வெள்ளைக்காரருக்கு முடித்துவிட்டாள். அந்த வெள்ளைக்கார முசியே வந்து எனக்குக் கை கொடுத்துவிட்டு, நான் கொண்டுவந்த டெம்போவிலேயே மரத்தை ஏற்றிக்கொண்டு போனார். கொளஞ்சிக்கு ஆரோவில் வரைக்கும் நல்ல சவாரி.

கூட்டம் கலைந்த பிறகு கேட்டேன், கட்டின புருஷன் எதிரே நிக்கிறேன், என் மரம்னு தெரியும், எப்படி மனசு வந்தது என்று. நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொல்கிறாள்:

"அட்வான்ஸ் குடுத்தியா? குடுக்காத சரக்கு குவியல்ல சேர்ந்தது. ஏலத்துல புருஷன் பொண்டாட்டி கெடையாது. ஒரு நாளு உனக்குப் பாத்தேன்னா மறுநாளு எவன் என்னை நம்பி மீன் குடுப்பான்?"

அதோடு விட்டாளா, வீட்டுக்கு வரும் வழியில், வேணும்னா இரும்புல ஒரு நிலை வாங்கி நிறுத்திக்கலாம் என்றாள். அங்கேதான் மச்சான் எனக்குத் தாங்கவில்லை. கடலும் போய், காலும் போய், மிச்சம் இருந்த ஒரு காரியமும் இரும்புக் கடைக்குப் போவதா. நான் அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. கொஞ்சம் சாப்பிட்டேன்.

இதற்கு மேல் கேள். அந்த வெற்றிவேல் நாளையும் மறுநாளும் வந்து ஏலம் விட முடியுமா என்று அவளைக் கெஞ்சியிருக்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறாள். எனவே தாங்கள் தயைகூர்ந்து இந்த மனுவைப் பரிசீலித்து, கடிதம் கண்டதும் லீவு போட்டுக் கிளம்பி வந்து, (1) உன் அக்கா அந்தக் கண்காட்சிப் பக்கம் காலெடுத்து வைக்கக் கூடாது என்றும், (2) வெள்ளிக்கிழமைக்குள் வேங்கை மரத்துக்கு அவளே வழி பண்ண வேண்டும் என்றும், தம்பி என்கிற உரிமையில் கண்டித்துச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் அவள் கேட்பதில்லை. நீ சொன்னாலும் கேட்க மாட்டாள், ஆனால் ஒருவேளை கேட்டால் நல்லது.

ஜெயசித்ராவுக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் நன்றாகப் படித்து, மரம், மீன் இரண்டுக்கும் தூரமான ஒரு உத்தியோகத்துக்குப் போக அங்காளம்மன் அருள் புரியட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த மாமா
வை. கோவிந்தசாமி,
முன்னாள் செயலாளர்.

பி.கு.: இது வியாழக்கிழமை மதியம் எழுதுவது. மேலே உள்ளதை அவசரப்பட்டு நம்பிவிடாதே. காலையில் எழுந்து பார்த்தால் அவள் வீட்டில் இல்லை. கோபத்தோடு நேரே பந்தலுக்குப் போனேன். அங்கே வெற்றிவேலிடம் அவள் வாதாடிக்கொண்டிருந்தாள். நேற்று அவர் கொடுத்த கூலியை வாங்கவே இல்லையாம். கரையில் கூலியை மீனாக வாங்குகிற மாதிரி இங்கே மரமாகத்தான் வேண்டும் என்றிருக்கிறாள். அவர் கடைசியில் சம்மதித்து, ராத்திரி வந்திறங்கிய புதுச் சரக்கில், இந்த வேங்கையை எடுத்துக்கோங்கம்மா என்று ஏதோ ஒன்றைக் காட்டினார். "நான் எடுக்க மாட்டேன்" என்றாள் உன் அக்கா. "என் வூட்டுக்காரரு வருவாரு. அவருதான் நிலை செய்யறாரு, அவரு தட்டிப் பாத்து எடுக்கட்டும்." நான் பின்னால் நிற்பது அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் நான் அந்தப் பக்கம் திரும்பி, விற்பனைக்கு இல்லாத ஒரு தூணைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

எடுத்துவிட்டேன், நேற்றையதைவிட நல்ல மரம். ஆகையால் நீ லீவு போட வேண்டாம், கண்டிக்கவும் வேண்டாம். எனக்கும் நேரமில்லை, அவள் ஏலம் விடும்போது பலகையைத் தூக்கிக் காட்ட ஒரு ஆள் வேண்டுமாம், கழுத்தில் அட்டை மாட்டிவிட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையும் வராதே. நிலை வைப்பது அடுத்த புதன்கிழமை, அதே நேரம். நேற்று ராத்திரி நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தபோதே சோசியரிடம் பேசி அவளே நாளை மாற்றியிருக்கிறாள், அந்த மனுஷனுக்கு நிதானமா செய்ய அஞ்சு நாளாவது வேணும் என்று சொல்லி. உனக்கும் அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டாளாமே.

அஞ்சு நாள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் நாலே நாளில் முடிக்கப் போகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே.