புஜ்ஜிக்கு முப்பத்தெட்டு டிகிரி

“முப்பத்தி மூணா? காத்தால முப்பத்தெட்டு இருந்துச்சே!”

பால் பாக்கெட்டோடு வந்த சபாபதி, கண்ணாடித் தொட்டியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டரைப் பார்த்துப் பதறிப்போனார். உள்ளே, விளக்குக்கு அடியில், மகள் மஹாலட்சுமி வளர்க்கும் வெளிநாட்டுத் தாடி ஓணான் புஜ்ஜி ஆடாமல் அசையாமல் படுத்திருந்தது. பரீட்சைக்குச் சென்னை போனவள் அப்பாவை நம்பித்தான் அதை விட்டுப் போயிருந்தாள். “சூடு முப்பத்தெட்டுக்குக் கீழ எறங்குனா தின்னது செரிக்காதுப்பா. செத்துப் போயிடும்” என்பது அவள் எச்சரிக்கை.

ஓணானுக்கு ஹீட்டரா என்று போன வாரம் வரை கேலி பேசிய மனிதர், இப்போது பெற்ற பிள்ளைக்கு ஜுரம் கண்ட மாதிரி தவித்தார்.

“என்னாண்ணா, காலையிலேர்ந்து தறில உக்காரவே இல்லியே?” என்றாள் அம்சவேணி. கரையைத் தனியாக நெய்து சேர்க்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு ஊடை நூல் ஓடும் நாடாவைத் தள்ளுகிறவள் அவள். அவர் எழுந்தால் அவளுக்கும் வேலை ஓடாது.

“இரும்மா. பெரிய பல்பா வாங்கியாந்துடறேன்.”

வாங்கி வந்து மாட்டினார். சூடு ஏறியது. அப்பாடா என்று தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், முப்பத்தொன்று!

“ஐயோ, பெரிய பல்பு போட்டா எறங்குதே!”

“மழக்காலம்ணா,” என்றாள் அம்சவேணி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

மழைக்காலமா? அதற்குத்தான் கைவசம் வைத்தியம் இருக்கிறதே! நீளவாக்கில் கட்டிய பாவு நூல் ஈரத்தில் நமுத்துப்போகாமல் இருக்கத் தறிக்கு அடியில் கனன்றுகொண்டிருந்த கரிச்சட்டியைத் தூக்கி, தொட்டிக்கு அடியில் வைத்தார். பட்டு எக்கேடு கெட்டாலும் கெடட்டும். இன்னும் கொஞ்சம் கரி கேட்டு எதிர் வீட்டுக்கு ஓடினார்.

திரும்பி வந்தபோது இருபத்தெட்டு. தறியில் பாவு தொய்ந்து கிடந்தது. சபாபதிக்கு அழுகையே வந்துவிட்டது.

“கச்சபேஸ்வரா! எம்பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

கடைசியில் புஜ்ஜியைத் தூக்கிப் பனியனுக்குள் போட்டுக்கொண்டார். மனித உடம்புச் சூடு எங்கே போய்விடும்? நகம் பிறாண்ட, கூடம் முழுக்க நெளிந்துகொண்டே நடந்தார்.

அவர் அந்தக் கோலத்தில் இருந்தபோதுதான், பரீட்சை முடிந்து மஹாலட்சுமி உள்ளே வந்தாள். அவளைக் கண்டதும் புஜ்ஜி பனியனைவிட்டுத் துள்ளி வெளியே வந்து, அவள் தோளில் ஏறி உட்கார்ந்தது.

“நல்லாத்தான்ப்பா இருக்குது!”

சபாபதிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் அவள் தொட்டியைப் பார்த்துவிட்டாள்.

“இவ்ளோ பெரிய பல்பா? கீழ கரி நெருப்பு வேறயா? இந்நேரம் வெந்து போயிருக்கணுமேப்பா! எப்படிப் பொழைச்சுது?”

தறியிலிருந்து அம்சவேணி மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

“கோச்சுக்காதம்மா. வாயப் பொளந்துக்கினு கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு. அண்ணன் அந்தாண்ட போனதும் லைட்ட அணைச்சு, கரிச்சட்டிய தள்ளி வச்சு, ஈரத்துணி போத்திடுவேன்; செருப்புச் சத்தம் கேட்டா எல்லாத்தையும் பழையபடி வச்சுடுவேன்.”