மணியடித்தால்தான் பாய் சுருளும்

நீந்தத் தெரியாதவன் படகு விஷயத்தில் யோசனை சொல்லக் கூடாது. நான் சொன்னேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மிஷன் பள்ளியில் படித்துத் தேறி, தங்கச் சுரங்க ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. கடலை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

எங்கள் என்ஜினீயர் துரை பேத்தமங்களா ஏரியில் ஒரு சிறிய பாய்ப்படகு விட்டிருந்தார். பலத்த காற்றில் பாயைச் சிறிதாக்காவிட்டால் படகு கவிழும். அதற்கு இரண்டு வழிகள். பாயில் வரிசையாகத் தொங்கும் கயிறுகளால் மடித்து முடிச்சுப் போடலாம். அல்லது பாயின் அடிக்கட்டையைக் கைப்பிடியால் சுழற்றி, அதன்மேலேயே சுருட்டலாம். எது நல்லது என்று பார்க்கச் சொல்லி, விலைப்பட்டியல் புத்தகத்தைத் துரை என்னிடம் கொடுத்தார். (இங்கிலீஷ் படித்தவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கை. எனக்கும் அது இருந்தது.)

சுரங்கத்துக்குள் ஆட்களைக் கூண்டில் ஏற்றி இறக்கும் எஞ்சினுக்கு எண்ணெய் போடும் முனுசாமியிடம் படத்தைக் காட்டினேன். ஆற்காட்டுக்காரர், மறு மாதம் எஞ்சின் டிரைவர் ஆக வேண்டியவர். துரை கையெழுத்துதான் பாக்கி.

"கயிறே போதும் ரைட்டரய்யா. காத்து வந்தா நாலு முடிச்சு. தண்ணில இன்னாத்துக்கு எஞ்சினு?"

எனக்குக் கைப்பிடிதான் பிடித்திருந்தது. சுரங்கத்தில் எதையும் உருளையில் சுற்றித்தானே ஏற்றி இறக்குகிறோம்? துரை அதையே வரவழைத்துப் பொருத்தினார். நான் அதோடு நின்றிருக்கலாம். கூண்டுக்கு இருப்பதுபோல் படகுக்கும் மணி வைத்தேன். மூன்று அடி என்றால் சுருட்டு. ஓர் அடி என்றால் நிறுத்து. கைப்பிடிக்கு முனுசாமி, மணிக்கு நான்.

"மணி இல்லாமல் கைப்பிடியைத் தொடக் கூடாது" என்றேன்.

"அத எனக்குச் சொல்லணுமா?" என்று சிரித்தார். கத்தலைக் கேட்டுக் கூண்டை நகர்த்தினால் கீழே ஆள் நசுங்கிப் போவான். மணி ஒன்றுக்குத்தான் எஞ்சின் அறையில் மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், துரை பைப்புடன் சுக்கான் பிடிக்க, ஏரிக்குள் போனோம். திடீரென்று காற்று. படகு சாய்ந்தது. நான் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மடியிலிருந்த மணி தண்ணீரில் விழுந்தது.

"முனுசாமி, சுத்துய்யா!"

"மணி அடிக்கலியே!"

"மணி தண்ணில போச்சு!"

"அப்ப கத்தாதீங்க ரைட்டரய்யா, எடுத்தாந்து அடிங்க!"

படகு கவிழ்ந்தது. பாதி ஏரியை நான் குடித்தேன். பிறகு முனுசாமி என் குடுமியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தியபோதுதான், தண்ணீர் மார்பளவே என்று தெரிந்தது. துரை வாயில் பைப் இன்னும் இருந்தது.

"பாயை ஏன் சுருட்டவில்லை?" என்று கேட்டார்.

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் துரையைப் பார்த்துச் சொன்னேன்: "நான் சொன்னேன், துரை. அவர் சுற்றவில்லை."

அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொன்னதைச் செய்யாதவனிடம் எஞ்சினை எப்படிக் கொடுப்பது என்று துரை கையெழுத்துப் போடவில்லை. சுரங்கம் முழுதும் தேடினாலும் அந்த எஞ்சினுக்கு அவரைவிடத் தகுந்த ஆள் கிடைத்திருக்க மாட்டான். அதை அன்றைக்குத்தான் அவர் நிரூபித்திருந்தார். கடைசிவரை அவர் எண்ணெய்தான் போட்டார்.

என் கல்யாணத்துக்கு வந்து ஒரு பித்தளை மணியைக் கையில் வைத்தார். "இனிமே கைலயே கட்டிக்குங்க ரைட்டரய்யா." பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

துரையிடம் போய் உண்மையைச் சொல்ல ஆறு வருஷம் இருந்தது. எனக்கும் யாராவது மணியடிக்க வேண்டும் என்று காத்திருந்தேன் போலிருக்கிறது. அதற்குள் துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டார்.

அந்த மணி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. சோறு ஆனதும் மருமகள் மூன்று தரம் அடிப்பாள். "அடிச்சாத்தான் மாமா நகருவாரு" என்பாள், வீடே சிரிக்கும். ஏரியில் நான் தண்ணீர் குடித்தது வரைக்கும்தான் அவர்களுக்குத் தெரியும். மூன்றாவது அடி கேட்டதும் எழுந்து போய்ச் சாப்பிடுகிறேன்.